தி.நகரில் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு: இடித்துத்தான் ஆக வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தி.நகரில் உங்கள் தாத்தா 1930-களின் கடைசியில் கட்டிய, மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த தளம்) போட்ட வீடு, இரண்டு கிரவுண்டு மனை, இப்போது நான்கு வாரிசுகள். பில்டர் ஒருவர் ஜாயிண்ட் வென்ச்சர், அதாவது மனை உங்களுடையது, கட்டும் செலவு அவருடையது, ஃபிளாட்டுகளைப் பங்கு போட்டுக்கொள்வது என்று பேசிக்கொண்டிருக்கிறார். பார்க்க வந்த இன்ஜினியர் "மெட்ராஸ் டெரஸ் சார், எண்பது வருஷம் தாண்டியாச்சு, ஆயுசு முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டார். தெருவில் பழைய வீடு என்று மிச்சமிருப்பது இன்னும் மூன்றுதான். இடித்துத்தான் ஆக வேண்டுமா, இப்படித் தெருத்தெருவாகப் போவதைத் தடுக்கச் சட்டமே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்த வீடுகள் வயதாகித்தான் போகின்றனவா, வேறு எதனாலாவது போகின்றனவா?

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். என் வேலையில் பெரும்பகுதி சென்னையின் பழைய வீடுகளைப் பார்த்து, தாங்குமா தாங்காதா, எதை மாற்றினால் தாங்கும் என்று எழுதிக்கொடுப்பது. அதனால் கட்டடம் பற்றிச் சொல்வதை உறுதியாகவே சொல்கிறேன். பத்திரம், வாரிசு, வரி பற்றிச் சொல்வதெல்லாம் வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் பகுதியை ஒரு வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள்.

முதலில் 'ஆயுசு' என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கு எண்பது வருஷம், நூறு வருஷம் என்று குறித்த ஆயுள் எதுவும் கிடையாது. அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் ஏன் கிடையாது என்பது புரியும். சுவரிலிருந்து சுவருக்கு ஒன்று, ஒன்றரை அடி இடைவெளியில் மரக் கட்டைகள். வசதியான வீடென்றால் பர்மா தேக்கு. அகலமான கூடமாக இருந்தால் கட்டைகளுக்குக் கீழே ஒரு உத்திரமோ இரும்பு கர்டரோ போகும். கட்டைகளுக்கு மேலே சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. இதில் துருப்பிடிக்கிற கம்பி என்று எதுவும் தளத்துக்குள் இல்லை. சுண்ணாம்பு ஆண்டுக்கணக்கில் காற்றை உறிஞ்சிக் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். ஒரு கட்டை கெட்டால் அந்த இடத்தில் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம். அதாவது, பாகம் பாகமாக மாற்றக்கூடிய தளம் இது.

ஆனால் அது கெட்டுப்போகும் இடங்கள் உண்டு, அவை கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒரே இடங்கள்தான். முதலில், கட்டையின் முனை சுவருக்குள் நுழைகிற அந்த ஆறு அங்குலம். மொட்டை மாடியில் தண்ணீர் போகிற துவாரம் சருகால் அடைத்து, மழைநீர் கைப்பிடிச் சுவரோரம் தேங்கினால், ஈரம் சுவருக்குள் இறங்கி முனையை இற்றுப்போக வைக்கும். நடுவில் கட்டை கல்லு மாதிரி இருக்கும், முனை மட்டும் மாவாக இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். அடுத்தது கரையான். அது தரையிலிருந்து சுவர் வழியாகவும், கதவு நிலை வழியாகவும் ஏறி வரும். மூன்றாவது, நாமே ஏற்றி வைத்த பாரம். ஒழுகுகிறது என்று ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு தடவை மேலே சிமெண்ட் பூச்சும் புது ஓடும் போட்டுப் போட்டு, தாத்தா கட்டிய தளத்தின் மேல் இன்னொரு தளத்தின் கனத்தையே ஏற்றியிருப்பார்கள். போதாததற்கு நடுக்கூடத்துக்கு மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க். நான்காவது, கைப்பிடிச் சுவரில் முளைக்கிற அரசங்கன்று. மேலே நாலு இலை தெரியும்போதே வேர் காரைக்குள் போய்விட்டிருக்கும். கிள்ளினால் போதாது, வேரோடு எடுத்துச் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும்.

உங்கள் இன்ஜினியர் ஒரு ஏணி போட்டு ஏறி, கட்டை சுவரில் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தாரா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நல்ல தேக்கில் நுனி உள்ளே போகாது. இற்றுப்போனதில் கைப்பிடி வரை இறங்கும். கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நூல் பிடித்து, தளம் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று அளந்தாரா? கட்டையின் அளவு, இடைவெளி, நீளம் மூன்றையும் எழுதிக்கொண்டு போய்க் கணக்குப் போட்டாரா? இது எதையும் செய்யாமல் வருஷத்தை மட்டும் எண்ணிச் சொன்னால் அது பரிசோதனை ஆகாது. சொன்னது சரியாகவே இருக்கலாம், ஆனால் எதைப் பார்த்துச் சொன்னார் என்பது தெரிய வேண்டும். பில்டர் அழைத்து வந்த இன்ஜினியர் என்றால், நீங்கள் தனியாகப் பணம் கொடுத்து இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

சுவர் விரிசல் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் தி.நகருக்கு அதில் ஒரு தனிக்கதை உண்டு. 1920-ன் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, 1923-25 வாக்கில், மாம்பலம் பக்கம் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய பேட்டை இது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, பார்க்க ஏரிதான் இல்லை. 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்த பிறகு, மாம்பலம் ஸ்டேஷனை நம்பிக் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் வாத்தியார்களும் வந்து வீடு கட்டினார்கள். அதனால் இங்கே பல மனைகளில் அடியில் களிமண். களிமண் வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். பங்குனி சித்திரையில் விரிந்து ஐப்பசி மழைக்கு மூடிக்கொள்கிற விரிசல் என்றால், அது வருஷா வருஷம் நடக்கிற மண்ணின் அசைவு, பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. மூடாமல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒவ்வொரு வருஷமும் நீள்கிறது என்றால் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. செலவே இல்லாத இந்தப் பழைய வழியை நான் இன்றும் பயன்படுத்துகிறேன்.

பலரும் நம்ப மறுக்கிற ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை, 1930-களின் ஒழுங்காகப் பராமரித்த மெட்ராஸ் டெரஸைவிட, 1950-60-களில் கட்டிய காங்கிரீட் தளங்கள்தான் மோசமான நிலையில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் கம்பி கடல் காற்றிலும் ஈரத்திலும் துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைப் பொட்டுப் பொட்டாகப் பெயர்த்துத் தள்ளிவிடும். அதைச் சரிசெய்வது கட்டை மாற்றுவதைவிடச் சிக்கலான வேலை. உங்கள் வீட்டில் பின்னால் சேர்த்த சமையலறையோ மாடி அறையோ காங்கிரீட் என்றால், பழைய கூடத்தைவிட அந்தப் பகுதியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பகுதியைக் கெடுப்பதும் பல நேரம் சிமெண்ட்தான். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டும். அதைப் பார்த்துவிட்டு 'சுவரே செத்துப்போச்சு' என்பார்கள். பூச்சை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசி ஒரு கோடை காயவிட்டால் அதே சுவர் பிழைத்துக்கொள்ளும்.

ஆக, கட்டடத்தைப் பொறுத்தவரை என் பதில்: முனை இற்ற கட்டைகள், இறக்க வேண்டிய பாரம், மாற்ற வேண்டிய பூச்சு இவற்றைச் சரிசெய்தால் பெரும்பாலான வீடுகள் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். முடியாதவையும் உண்டு. பாதிக்கு மேல் கட்டை போய்விட்டது, சுவர் செங்குத்திலிருந்து விலகிவிட்டது, பல வருஷமாகப் பூட்டிக்கிடந்து மழை உள்ளே இறங்கிவிட்டது என்றால், நானே இடிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இடிபடுகிற வீடுகளில் அப்படிப்பட்டவை கொஞ்சம்தான். மற்றவை எதனால் போகின்றன என்பதற்குக் கட்டடத்தைப் பார்த்துப் பயனில்லை, மனைக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கணக்கு இது. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. உங்கள் மனை 4800. எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, சென்னையில் பல காலம் 1.5 ஆக இருந்து, 2019-ன் புதிய ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 2 ஆனது. சாலை அகலமாக இருந்தால் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ கூடுதலாக வாங்கலாம். அதை விட்டுவிட்டு 2 என்றே வைத்தாலும் 9600 சதுர அடி கட்டலாம். மனையின் அகலமும் சுற்றிலும் விட வேண்டிய இடைவெளியும் பொறுத்து அதில் கொஞ்சம் குறையலாம். பாதிக்குப் பாதி என்று ஒப்பந்தம் போட்டால் உங்கள் குடும்பத்துக்கு 4800 சதுர அடி, ஆளுக்கு 1200 சதுர அடியில் நாலு ஃபிளாட். தி.நகர் மாதிரி மனை விலை ஏறிய இடங்களில் உரிமையாளர் பங்கு பாதிக்கு மேலேயும் போகும். கைக்காசு ஒரு ரூபாய் போடாமல் நாலு பேருக்கும் நாலு புது வீடு, லிஃப்ட்டோடு, கார் நிறுத்த இடத்தோடு. இப்போது நிற்கிற வீடு எவ்வளவு? இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு சதுர அடி இருக்கலாம். மீதி எல்லாம் வேப்ப மரம், தென்னை, கிணறு, துணி காயப்போடும் இடம். கணக்குப் போடுகிறவர் கண்ணில் அது பயன்படுத்தாமல் கிடக்கும் எஃப்எஸ்ஐ.

இதோடு வாரிசுக் கணக்கையும் சேருங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. வரவேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் நாலு பேருக்குச் சமமாகச் சேர்கிற ஒரு வீட்டை நாலாக வெட்ட முடியாது. மனையை வெட்டினால் ஆளுக்கு அரை கிரவுண்டு, நடுவில் கூடம் நிற்கிறது. ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் பெங்களூரில், ஒருவருக்குப் பிள்ளை கல்யாணத்துக்குப் பணம் வேண்டும், அங்கேயே இருக்கிற நான்காமவர்தான் பத்து வருஷமாகச் சொத்து வரியும் ஒழுகலுக்கான செலவும் கட்டிக்கொண்டிருக்கிறார். இந்த நிலையில் ஃபிளாட் ஒன்றுதான் நாலு பேரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்கிற பாகப்பிரிவினை. என்னிடம் வருகிற குடும்பங்கள் முதலில் கூரையைப் பற்றித்தான் பேசுவார்கள். அரைமணி நேரம் போனால் பேச்சு பங்கில் வந்து நிற்கும். 'வீடு வீக்' என்பது முடிவெடுத்த பிறகு மனசாட்சிக்குச் சொல்லிக்கொள்கிற காரணமாக இருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இடிக்கிறவர்களை வில்லன்களாக்கவும் எனக்கு மனமில்லை. அந்த வீடுகளில் வாழ்வதில் நிஜமான கஷ்டம் உண்டு. கழிவறை கொல்லைப்புறத்தில், படி உயரம், முட்டிவலிக்கார அம்மாவுக்கு இரவில் தனியே போகப் பயம். அப்புறம் சாலை. தார் மேல் தார் போட்டுப் போட்டுச் சாலை ஏறிவிட்டது, மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இடிக்க முடிவெடுத்தவர்கள் நிறைய. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போடும் வழக்கத்தை முதலிலிருந்தே கறாராகப் பின்பற்றியிருந்தால் பல வீடுகள் தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். இதற்கு மாற்றாக ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று நாலு அடி தூக்குகிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுவர்களைச் சுற்றிக் காங்கிரீட் பெல்ட் ஓடும் வீடுகளில் அது சரி. சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு நான் தயங்குகிறேன். கட்டைகள் சுவரின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கின்றன, தளத்தைச் சுவரோடு இழுத்துக் கட்ட எதுவும் இல்லை. ஒரு மூலை கால் அங்குலம் முன்னே பின்னே ஏறினாலும் தளம் வாய் விடும். நன்றாக முடிந்ததாகவும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், தரையை உள்ளேயே ஒரு அடி உயர்த்திக்கொள்வது மேல். பதினோரு பன்னிரண்டு அடி உயரக் கூடம் அதைத் தாங்கும். ஆனால் வாசல் நிலையைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, உங்கள் வீட்டு வாசல் வரை வராது. 1958-ன் மத்தியத் தொல்லியல் சட்டம் நூறு வருஷம் தாண்டிய, தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவித்த சின்னங்களுக்கு. தமிழ்நாட்டின் 1966 சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குத்தான். நகரத்துக் கட்டடங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டட வழக்கில். 1897-ன் அந்தக் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போனது. 2010-ல் சென்னை உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றதோடு, பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஒரு குழு அமைக்கவும் சொன்னது. நீதிபதி பத்மநாபன் குழுவின் 467 கட்டடங்கள் கொண்ட பட்டியலும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சென்னையின் நகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் குழு வந்தது. 2012-ல் மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது, ஆனால் சட்டசபையில் நிறைவேறி வருஷக்கணக்கில் ஏட்டிலேயே கிடந்தது. கவர்னர் மாளிகை, கோர்ட், கல்லூரி, சர்ச் மாதிரி தனித்து நிற்கும் பெரிய கட்டடங்களை மனதில் வைத்துத்தான் இதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தெருவில் வரிசையாக நிற்கும் முப்பது சாதாரண வீடுகளை, தனித்தனியே எதுவும் பிரமாதமில்லை, சேர்ந்து நின்றால்தான் அழகு என்கிற மாதிரியானவற்றை, இந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியவே தெரியாது. தி.நகரின் கதையே அதுதான். வளைந்த பால்கனி, கப்பல் மாதிரி வட்ட ஜன்னல், உதயசூரியன் கிரில் கேட்டு என்று 1940-50-களில் கொத்தனார்கள் கட்டிய ஆர்ட் டெகோ வீடுகளை யாரும் பட்டியல் போடும் முன்பே பாதி போய்விட்டன.

மும்பை இதில் நமக்கு முன்னோடி. 1995-லேயே அங்கே பாரம்பரிய விதிகள் வந்துவிட்டன, தனிக் கட்டடம் மட்டுமல்லாமல் ஒரு வட்டாரத்தையே பட்டியலில் சேர்க்க வழி செய்தார்கள். கட்ட முடியாமல் போகிற எஃப்எஸ்ஐயை வேறிடத்தில் பயன்படுத்திக்கொள்ள உரிமையாளருக்கு டிடிஆர் (மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டும் உரிமை) கொடுக்கவும் இடம் வைத்தார்கள். அப்படியும் கிர்காவில் இருக்கும் கோதாச்சிவாடியின் மர வீடுகள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. பாண்டிச்சேரியில் வைசியாள் வீதியில் வேறு வழியில் போனார்கள். தடுப்பதற்குப் பதில், திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தமிழ் வீடுகளின் முகப்பைச் சரிசெய்ய உரிமையாளர்களோடு செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. என் கருத்தைக் கேட்டால், உரிமையாளரின் கணக்கில் ஏதாவது ஒரு ரூபாயைச் சேர்க்காத எந்தச் சட்டமும் இங்கே நிற்காது. 'இடிக்கக் கூடாது' என்று மட்டும் உத்தரவு போட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு, ஓட்டை ஒரு மூலையில் பெயர்த்துவிட்டு, ரெண்டு மழைக்குக் காத்திருப்பார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். வைத்துக்கொள்ள ஆசையிருந்தால், கூரையை விட்டுவிட்டு முதலில் பங்கைப் பேசி முடியுங்கள். நாலு பேரில் ஒருவர் மற்றவர்கள் பங்கை வாங்க முடியுமா? குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மெண்ட், பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு, வெளியாருக்கு விற்பது போல முழு மதிப்புக்குச் சதவீதம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பங்குக்கான பணம் கோடிக்கணக்கில் என்பதால் சம்பளக்காரர் ஒருவரால் பெரும்பாலும் முடியாது. இன்னொரு வழியை யாரும் யோசிப்பதில்லை. மனை நீளவாக்கில் இருந்து வீடு முன்பக்கமாக நின்றால், கொல்லைப்புறத்தில் மட்டும் சின்னதாக ஒரு புதுக் கட்டடம் எழுப்பி, எஃப்எஸ்ஐயில் ஒரு பகுதியையாவது எடுத்துக்கொள்ளலாம். பழைய வீடு ஒருவருக்கு, புதிது மற்றவர்களுக்கு. இதை நான் செய்து கொடுத்திருக்கிறேன், அந்தக் குடும்பங்கள் நிம்மதியாகத்தான் இருக்கின்றன. பில்டருக்கு இதில் லாபம் குறைவு, அதனால் அவராகச் சொல்லவே மாட்டார். பக்கவாட்டு இடைவெளி போதுமா, பின்பக்கத்துக்கு வண்டி போக வழி இருக்குமா என்பதை ஆர்க்கிடெக்ட் ஒருவர் அளந்து சொல்ல வேண்டும். கஃபேக்கோ துணிக்கடைக்கோ வாடகைக்கு விடலாம் என்று சொல்வார்கள். நுங்கம்பாக்கம், கோபாலபுரம் பக்கம் அப்படிப் பிழைத்த பங்களாக்கள் உண்டு. ஆனால் அதற்கு வண்டி நிறுத்த இடமும் சரியான சாலையும் வேண்டும், வாடகையை மனை விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். நாலு பேருக்குப் பிரித்தால் யாருக்கும் திருப்தி இருக்காது.

ஜாயிண்ட் வென்ச்சர்தான் என்று முடிவானால் ஒன்றைக் கவனியுங்கள். 500 சதுர மீட்டருக்குள்ளான மனை அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடம் என்றால் ரெரா (வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயமில்லை. உங்கள் இரண்டு கிரவுண்டு சுமார் 446 சதுர மீட்டர்தான். வேலை பாதியில் நின்றால் ரெராவில் போய் நிற்கலாம் என்ற நம்பிக்கையை வைக்காமல், எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எத்தனை மாதத்தில் முடிப்பார், தாமதமானால் உங்கள் நாலு குடும்பத்துக்கும் வாடகை யார் கொடுப்பது, எந்த ஃபிளாட் யாருக்கு, யூடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு. பவர் பத்திரம் அவர் பங்கு யூடிஎஸ்ஸுக்கு மட்டும் கொடுங்கள், முழு மனைக்கும் வேண்டாம். பிளானிங் பர்மிஷன் கைக்கு வரும் வரை வீட்டில் கை வைக்க விடாதீர்கள். இடித்துவிட்டுப் புல் முளைத்துக் கிடக்கும் மனைகள் ஊரெங்கும் இருக்கின்றன. அந்தப் புது ஃபிளாட்டும் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். 1970-80-களில் இதே மாதிரி பங்களாக்களை இடித்துக் கட்டிய மூன்று மாடி ஃபிளாட்டுகளைத்தான் இப்போது இடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று 2022-ன் அடுக்குமாடிச் சட்டமே வழி வகுத்திருக்கிறது. நாற்பது வருஷத்தில் அவை முடிந்தன, உங்கள் தாத்தா வீடு எண்பதைத் தாண்டி நிற்கிறது.

இடிக்கிற காண்ட்ராக்டை பில்டர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். இந்த ஊரில் பழைய தேக்கு வீட்டை இடிக்கிறவர் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டுத்தான் இடிப்பார், ஏனென்றால் கதவு, நிலை, கட்டை, கர்டர், செங்கல் எல்லாம் விலை போகும். அந்தப் பணம் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் பில்டருக்குத்தான் போகும். முதல் நாளே கதவு ஜன்னலைக் கழற்றிவிடுவார்கள், அதனால் எது உங்களுக்கு வேண்டும் என்று முன்பே சாக்பீஸால் குறி போட்டு வையுங்கள். எண்பது வருஷம் காய்ந்த பர்மா தேக்குக் கட்டை இனி கடையில் கிடைக்காது, இழைத்தால் புது ஃபிளாட்டின் நாலு வாசல் நிலைக்கும் போதும். இடிப்பதற்கு முன் ஒரு ஆர்க்கிடெக்சர் கல்லூரியில் சொல்லிப் பாருங்கள், மாணவர்கள் வந்து அறை அறையாக அளந்து வரைபடம் போட்டுத் தருவார்கள், அவர்களுக்கும் அது பாடம். கிணற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் ரப்பிஷ் கொட்டி மூட விடாதீர்கள். ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு (கட்டடத்தின் அடியில் தூண்களுக்கிடையே வண்டி நிறுத்தும் இடம்) நடுவே வந்தாலும் மேலே கனமான ஸ்லாப் போட்டு, மொட்டை மாடித் தண்ணீரை மண் வடிகட்டி வழியாக அதில் இறக்கச் சொல்லி பிளானிலேயே காட்டச் சொல்லுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து இங்கே கட்டாயம். புதுசாகக் குழி தோண்டுவதைவிட இருக்கிற கிணறு பல மடங்கு நன்றாக வேலை செய்யும், பில்டருக்கும் அதில் செலவு மிச்சம் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.